ஆறா, எட்டா?

காருக்கு அடியிலிருந்து ஹோபார்ட்டின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு ஜெனீவா நின்றுகொண்டிருந்தாள். காப்பி ஹோபார்ட்டுக்காகக் கொண்டுவந்தது. ஆள் வெளியே வருகிற வழியாக இல்லை என்பதால் பாதியை அவளே குடித்துவிட்டாள்.

"ஹோபார்ட், ஏதாவது வாயத் திறந்து சொல்லுங்க. பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு எனக்கு."

"ம்," என்று காருக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

"நல்ல ம்மா, கெட்ட ம்மா?"

"ஓப்பல், டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க. என் மூக்கை யாரும் பரிசோதிக்கல."

ஓப்பல் குனிந்து டார்ச்சைத் திருப்பினாள். ஜெனீவாவின் ஐம்பது வருஷத் தோழி. ஊருக்கு வெளியே சோளக்காட்டு நடுவில் இருக்கிற பண்ணை வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் கணவன் லீலண்ட் அந்தக் காலத்தில் கொட்டகையில் கார் ரிப்பேர் பார்த்தவர். அந்த உரிமையில் டார்ச் பிடிக்கும் வேலை அவளுக்கு வந்தது.

ஹோபார்ட், பெல்ஃபோர்டு பழைய கார்ச் சங்கத்தின் பரிசோதகர். கல்யாணம் செய்துகொள்ளாமல் காருக்கே வாழ்க்கைப்பட்டவர். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வருகிற அமெரிக்கத் தொழிலாளர் தின அணிவகுப்பில் எந்தக் கார் எந்த வரிசையில் போகவேண்டும் என்று அவர்தான் சொல்லவேண்டும். அதில் முதலில் போவது நினைவு வரிசை. அந்த வருஷம் இறந்துபோனவர்கள் ஓட்டிய கார்கள் அதில் போகும். அதே மாதிரிக் கார், அதே நிறக் கார் என்றெல்லாம் கொண்டுபோனால் எடுபடாது. அவர் ஓட்டிய அதே கார்தான் வேண்டும். அப்படியென்றால்தான் கண்ணாடியில் அவர் பெயர் எழுதிய அட்டையை ஒட்டுவார்கள். தெரு ஓரத்தில் நிற்கிறவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள்.

ஜெனீவாவுக்கு அந்த அட்டை வேண்டும். அவள் கணவர் டெல் போய்ப் பத்து மாதமாகிறது. வீட்டில் அவர் இல்லாத இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குப் பழகிவிட்டன. மேஜை பழகியது, கட்டில் கூடப் பழகியது. ஆனால் காரில் உட்காரும்போது மட்டும் ஓட்டுகிற பக்கம் திரும்பிப் பேச வாயெடுத்துவிடுவாள். அதனால்தான் எண்பத்தொன்றில் விற்றுத் தொலைத்த அந்த நீலநிறக் கெஸ்ட்ரல் காரைத் தேட ஆரம்பித்தாள். கென்டக்கியில் ஒருவரிடம் கிடைத்தது. அதுதான் இது என்று அவள் மனசு சொன்னது. மனசைத் தவிர வேறு சாட்சி இல்லை. பழைய காகிதங்கள் நிலவறையில் வெள்ளம் வந்தபோது கூழாகிவிட்டன. எண் பொறித்த முன்பக்கத் தகரமும் கதவும் எப்போதோ துருப்பிடித்து மாற்றப்பட்டிருந்தன. ஆனாலும் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கிற வலப்பக்கச் சீட்டில் அவள் உட்கார்ந்தபோது முழங்கால் எங்கே இடிக்கும் என்று முழங்காலுக்கே தெரிந்திருந்தது.

ஹோபார்ட் ஒருவழியாக வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். ஆறிப்போன அரைக் கோப்பைக் காப்பியை வாங்கி ஒரே வாயில் குடித்தார்.

"ஜெனீவா, மனசைத் தேத்திக்குங்க."

"என்ன ஆச்சு?"

"இது எட்டு."

"எட்டா? பானெட்டைத் திறந்து எண்ணிப் பாருங்க. ஆறு பிளக்கு ஆறும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது."

"இப்ப இருக்கறது ஆறு. பொறந்தது எட்டு." ஹோபார்ட்டின் குரலில் ஒரு பக்தி வந்திருந்தது. "எட்டு சிலிண்டர் இன்ஜினுக்குக் கனம் ஜாஸ்தி. அதனால கம்பெனியிலயே சக்கரத்தைத் திருப்பற டை ராடு, அதோட முனை எல்லாம் தடியாப் போட்டு அனுப்புவாங்க. ஆறுக்கு ஒல்லி. இதுல கீழ இருக்கறது தடி. என் கட்டை விரல் மாதிரி."

"யாராவது மாத்தியிருப்பாங்க."

"இன்ஜினை மாத்துவாங்க. பெயிண்டை மாத்துவாங்க. நெத்தியில எட்டுன்னு பொய்யா ஒரு சின்னத்தைக்கூட ஒட்டுவாங்க. ஆனா அடியில கிடக்கற ஸ்டீயரிங் கம்பியை எவன் மாத்துவான்? யார் கண்ணுக்குத் தெரியப்போவுது? அதனால அது மட்டும் பொய் சொல்லாது."

"அப்போ யாரோ எட்டைக் கழட்டிட்டு ஆறை வெச்சிருக்காங்க, அவ்வளவுதானே?" என்றாள் ஓப்பல் மெதுவாக.

"ஆமா, எவனோ வெச்சிருக்கான். ஊர் உலகமே ஆறைக் கழட்டிட்டு எட்டை வைக்க நாயா அலையுது. இவன் எட்டைக் கழட்டிட்டு ஆறை வெச்சிருக்கான். அந்த மகானை நான் ஒரு தடவை நேர்ல பாக்கணும்."

"அது எங்க டெல் இல்ல," என்றாள் ஜெனீவா. "அவர் வாங்கினதே ஆறுதான். அவரே சொல்லியிருக்கார். டெல் பொறந்ததுலேருந்து ஒரு பொய் சொன்னதில்ல."

"அப்போ இது டெல்லோட வண்டி இல்லீங்க."

ஓப்பல் டார்ச்சை அணைத்தாள். ஆப்பிள் பை வெட்டுகிறேன் என்று வீட்டுக்குள் போனாள். அதை நேற்றே எல்லோரும் தின்று தீர்த்தாகிவிட்டது.

ஜெனீவா அந்த ஆறு சிலிண்டரில் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அண்ணன் வேகப் பைத்தியம். பத்தொன்பது வயதில் ஓக் மரத்தில் போய் மோதி இறந்தான். அதற்கப்புறம் உறுமுகிற கார் எதிலும் கால் வைப்பதில்லை என்று இருந்துவிட்டாள். லட்சணமான பெண் என்பதால் பையன்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எட்டு சிலிண்டரை உறுமவிட்டுக்கொண்டு வாசலில் நின்றவர்களையெல்லாம் அவள் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்தே திருப்பி அனுப்பினாள். டயர் தொழிற்சாலைக்குப் புதிதாக வேலைக்கு வந்த டெல் ரிகில் வந்தபோது கார் உறுமவில்லை, இருமியது. அந்த இருமலைக் கேட்டுத்தான் அவள் கதவைத் திறந்தாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் அந்த இருமலை அவள் சும்மா விடவில்லை. "டிராக்டர்காரன் ஹாரன் அடிக்கிறான், வழி விடுங்க" என்பாள். "இறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம் போல" என்பாள். டெல் சிரிப்பார். மூன்றாவது குழந்தை பிறந்ததும் பெரிய கார் வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் கெஸ்ட்ரலைக் கழுவித் துடைத்து, வந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, காலி காரேஜில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். "வருத்தமா இருக்கா?" என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது பத்து மாதமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பதில் சொல்லத்தான் ஆளில்லை.

அன்று சாயங்காலம் மருமகன் கிரெய்க் வந்தான். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரு சுலபமான வழி இருக்கும். அவனால் சுலபமாக முடிந்த காரியம் மட்டும் இதுவரை ஒன்றும் கிடையாது.

"அத்தை, இதுக்கா இவ்வளவு கலங்கறீங்க? தடியா இருக்கறதுதானே பிரச்சினை? ஒல்லியா மாத்திட்டாப் போச்சு."

"அது ஏமாத்து இல்லையா?"

"உங்க மனசு என்ன சொல்லுது? இது மாமா வண்டியா இல்லையா?"

"மாமா வண்டிதான்."

"அப்போ உண்மைக்குக் கொஞ்சம் உதவி செய்யறோம். ஏமாத்து எங்க வந்துது?"

காப்பீட்டுக்காரர்கள் பேசினால் கேட்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் படும். சனிக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஆறு சிலிண்டர் காரின் ஒல்லி டை ராடுகளை வாங்கிவந்து அடியில் படுத்தான். காலையில் படுத்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. தடி முனைக்கென்று செய்த துளையில் ஒல்லி முனை தொளதொளவென்று ஆடியது. அவன் அசரவில்லை. ஏதோ தகரத்தைச் சுருட்டி உள்ளே திணித்தான். முறுக்கினான். சுத்தியலால் நாலு போட்டான்.

"முடிஞ்சுது அத்தை. ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க."

"ஸ்டீயரிங் ஏன் தலைகீழா நிக்குது?"

"அது ஓட ஓடச் சரியாயிடும்."

அவள் கிளப்பிக்கொண்டு போனாள். கார் நேராகப் போயிற்று. வலப்பக்கம் அழகாகத் திரும்பிற்று. இடப்பக்கம் மட்டும் திரும்பவே மாட்டேன் என்றது. அவள் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். கீழே ஏதோ முனகியதே தவிர சக்கரம் மசியவில்லை. வேறு வழியில்லாமல் வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பிக் கோர்ட்டு சதுக்கத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

முதல் சுற்றில் லூத்தரன் தேவாலயப் பாதிரியார் நடைபாதையிலிருந்து கையசைத்தார். இரண்டாவது சுற்றில் பாதிக் கையை மட்டும் தூக்கினார். மூன்றாவது சுற்றில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது.

அந்த ஹாரனைக் கேட்டதும் "வழி விடுங்க" என்று ஜெனீவா தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். இன்ஜின் இருமியது. அதே இருமல். ஞாயிற்றுக்கிழமை வெயில், திறந்த ஜன்னல், ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் கிண்டலுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டுகிற டெல். அவர் பக்கத்தில் இருப்பது போலவே இருந்தது. ஆனால் அவர் உட்காரவேண்டிய இடத்தில் அவளே உட்கார்ந்திருந்ததால், இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. அவள் அழுதுகொண்டே இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தச் சுற்றுக்குக் காரைக் குற்றம் சொல்ல முடியாது.

கடைசியில், மூன்று தடவை வலப்பக்கம் திரும்பினால் ஒரு தடவை இடப்பக்கம் திரும்பின கணக்குத்தானே என்று தோன்றி, ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"எப்படி இருந்துது அத்தை?" என்றான் கிரெய்க்.

"சொர்க்கமா இருந்துது. ஆனா சொர்க்கத்துக்கு இடப்பக்கமா யாரும் போக முடியாது."

கிரெய்க் மறுபடி அடியில் புகுந்தான். வலப்பக்கம் திரும்புவதும் போயிற்று. மூன்றாம் முறை புகுந்து வந்தபோது இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இதற்கிடையில் அவன் இன்னொரு உதவியும் செய்திருந்தான். ஹோபார்ட்டுக்குப் போன் போட்டு, "நீங்க சரியாப் பாக்கலைன்னு தோணுது, இன்னொரு தடவை வந்து பாருங்க" என்று சொல்லியிருந்தான். பரிசோதகரிடம் சொல்லக்கூடாத வார்த்தை உலகத்தில் அது ஒன்றுதான்.

ஹோபார்ட் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். காப்பி வேண்டாம் என்றார். காருக்கு அடியில் அரை நிமிஷம்கூட இருக்கவில்லை.

"நட்டெல்லாம் வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னுது. இது அறுபத்தாறுல போட்ட நட்டா, ஜெனீவா?"

கிரெய்க், "காத்துல கொஞ்சம் அழுக்குப் போயிருக்கும்..." என்று ஆரம்பித்தான்.

"போன வாரம் எட்டு. இந்த வாரம் ஆறு. அடுத்த வாரம் வந்தேன்னா புல்லு வெட்டற மிஷினா ஆயிருக்குமா?" ஹோபார்ட்டுக்கு மீசை துடித்தது. "சங்கத்துல இதை நான் சொல்லியாகணும். நினைவு வரிசைக்குப் போலி வண்டின்னு இதுவரைக்கும் வந்ததில்ல. இனிமே டெல் ரிகில்னு பேரெடுத்தா ஜனங்களுக்கு இதுதான் ஞாபகம் வரும்."

அதுதான் ஜெனீவாவைச் சுட்டது. அட்டை போனால் போகட்டும். அவர் பெயரில் கறை விழுவதை அவளால் தாங்க முடியாது.

"மாத்தச் சொன்னது நான்," என்றாள். "இந்தப் பையன் மேலயும் தப்பில்ல. டெல் பேரை இதுல இழுக்காதீங்க. அந்த மனுஷன் பொய்யே சொல்லத் தெரியாதவர். அவர் பேரைச் சொல்லி நான்தான் ஒரு பொய்யை ஓட்டப் பாத்தேன்."

அவள் கண் நிரம்பியதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஹோபார்ட் காரின் பக்கம் திரும்பிக்கொண்டார். காரோடு மட்டும் பழகியவர். காருக்கு அழுகை வராது.

"சரி சரி, சங்கத்துல நான் ஒண்ணும் சொல்லல," என்றார். பிறகு காரின் முதுகைத் தடவினார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். இதை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க? எங்கிட்டக் குடுத்துடுங்க. தடி டை ராடைத் திரும்பப் பூட்டி, ஒரு எட்டைத் தேடிப் பிடிச்சு வெச்சு, பொறந்தபடியே ஓட விடறேன். பாவம், எட்டாப் பொறந்துட்டு ஆறா இருமிக்கிட்டு இருக்கு."

ஜெனீவா ராத்திரி முழுக்க யோசிக்கவில்லை. அங்கேயே சரி என்றாள். யோசித்தால் விடமுடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அணிவகுப்புக்கு முந்தின நாள் காலை ஹோபார்ட் டிரெய்லரோடு வந்தார். ஜெனீவா சமையலறையிலிருந்து ஓப்பலுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு எனக்காக ஒண்ணும் சமைச்சுக் கொண்டு வராதே. நான் அணிவகுப்புக்குப் போகல. காரை ஹோபார்ட்டுக்குக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? எப்போ?"

"இப்பத்தான் ஏத்திக்கிட்டு இருக்காங்க. நினைச்சா எனக்கே சிரிப்பா வருது ஓப்பல். யாரோ ஒருத்தியோட புருஷன் உக்காந்த சீட்டைப் பாத்துப் பாத்து இத்தனை நாளா நான் கண்ணீர் விட்டிருக்கேன். அவ எங்கயாவது உயிரோட இருந்தா என்ன நினைப்பா?"

போனைக் கூட வைக்காமல் ஓப்பல் எழுந்து போய்விட்டாள் போலிருந்தது. அவள் வீட்டுக் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெனீவா வாசலுக்கு வந்தாள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற சக்கரங்களை நேராக்கவே ஹோபார்ட்டும் கிரெய்க்கும் படாத பாடு பட்டார்கள். "தள்ளுங்க" என்று ஹோபார்ட் கத்த, "எந்தப் பக்கம்?" என்று கிரெய்க் கத்த, எப்படியோ கார் பலகை மேல் ஏறியது. வலப்பக்கக் கதவு லேசாகத் திறந்து ஆடியது. ஜெனீவா போய் அதைச் சாத்தினாள். சாத்திவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"வேற ஒருத்தரோடதா இருந்தாலும் பரவாயில்ல," என்றாள் யாரிடமோ. "ஒரு மாசம் டெல் இருந்த மாதிரி இருந்துது."

ஹோபார்ட் சங்கிலியை மாட்டினார். மாட்டும்போது அவளைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

அப்போது தெருமுனையில் புழுதி கிளம்பியது. ஓப்பலின் பழைய பிக்கப் வேன் புல்வெளி ஓரத்துப் பூச்செடிகளின் மேலேயே ஏறி வந்து நின்றது. இடுப்பில் சமையல் ஏப்ரன், காலில் வீட்டுச் செருப்பு. இறங்கி ஓடிவந்த வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஓப்பல்! என்ன ஆச்சு? வீட்டுல நெருப்பா?"

"வாயை மூடிக்கிட்டு இருக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன் ஜெனீவா. நானும் லீலண்டும் ரெண்டு பேருமே. லீலண்ட் போயாச்சு, டெல்லும் போயாச்சு. மேல போனதும் அவர்கிட்ட நான் பேசிக்கறேன்." அவள் டிரெய்லர் பக்கம் திரும்பி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்குங்க ஹோபார்ட், இது டெல்லோட வண்டிதான், உறுமற கார்ல ஏற மாட்டேன்னு இவ சொன்னதை யார் வாயிலயோ கேட்டுட்டு, மறுநாளே எங்க கொட்டகைக்கு வந்து எட்டைக் கழட்டி வெச்சுட்டு ஆறைப் பூட்டிக்கிட்டு இவ வீட்டு வாசலுக்குப் போனவரு, வண்டிய வித்தப்புறமும் கண்ணை மூடற வரைக்கும் அப்பப்ப வந்து கொட்டகையில கிடக்கற அந்த எட்டு இன்ஜினைத் துடைச்சு, போர்வையைப் போத்திட்டுப் போனாரு."